வேலை நாலு மணி நேரம், முடிவது மூன்று நாள்

அலுவலக மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே பதியச் சொல்கிறார்களே, எதைப் பார்த்துப் போடுவது என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "மனதில் தோன்றுவதைப் போடாதீர்கள், போன தடவை எவ்வளவு ஆனது என்று பார்த்துப் போடுங்கள்" என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அப்படித் தட்டிக்கழித்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது, பதினோரு மின்னஞ்சல்கள். மூன்றை எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டுக்கும் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூரில் பாய லேபாரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவியாக இருக்கிறேன். இங்கே மூன்று பேர், சென்னையில் மூன்று பேர். ஜிராவில்தான் வேலைகளைப் பதிகிறோம். புது மேலாளர் வந்ததும் எல்லாவற்றுக்கும் 'எஸ்டிமேட்' கட்டாயம் என்றார். முதல் வாரம் அந்தக் கட்டமே திரையில் இல்லை. நிர்வாகி சேர்த்துக் கொடுத்தபின், எதற்கெடுத்தாலும் 'ஒரு நாள்' என்று போடுகிறார்கள். ஒருவர் போட்டது 4 நிமிடம் என்று காட்டுகிறது! மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எதுவும் எதோடும் ஒத்துவரவில்லை. தப்பு எங்கே?
வாசகி, பொங்கோல்

பதில்: 4 நிமிடக்காரரை முதலில் காப்பாற்றிவிடுவோம், பாவம். அவர் நாலு மணி நேரம் என்று நினைத்து வெறும் 4 என்று அடித்திருப்பார். வெறும் எண் வந்தால் அதை மணியாக எடுப்பதா, நிமிடமாக எடுப்பதா என்பதை நிர்வாகப் பக்கத்தில் 'டைம் டிராக்கிங்' என்ற இடத்தில் முடிவு செய்து வைக்கலாம். யாரும் தொடாமல் விட்டால் ஜிரா அதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும். மணிக்கு 'எச்', நாளுக்கு 'டி', வாரத்துக்கு 'டபிள்யூ' என்று எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்தைச் சேர்த்து (4h, 1d, 1w) அடிக்கப் பழக்குங்கள். அல்லது நிர்வாகியிடம் சொல்லி அதை மணி என்று மாற்றச் சொல்லுங்கள், தொல்லை விட்டது.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மணி, ஒரு வாரத்துக்கு எத்தனை நாள். யாரும் மாற்றாதவரை அங்கே இருப்பது 8, 5. ஆக உங்கள் ஆள் 'ஒரு நாள்' என்று போட்டால் ஜிரா காதில் விழுவது 8 மணி நேரம். அவர் சொல்ல நினைத்ததோ வேறு. "காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் முடிஞ்சிடும்" என்கிறார். நடுவே காலைக் கூட்டம், மின்னஞ்சல், கோப்பி, மேலாளர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பது எல்லாம் அதில் அடக்கம். அந்த வேலையில் கை வைத்திருந்தது 5 மணியோ, 6 மணியோ.

அதனால் சில இடங்களில் ஒரு நாளைக்கு 6 மணி என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றலாம். ஆனால் முதல் நாளே மாற்றவேண்டும். ஜிரா தன் வயிற்றுக்குள் வைத்திருப்பது நாளை அல்ல, நொடியை. பழைய 'ஒரு நாள்' உள்ளே 8 மணியாகவே கிடக்கும். நீங்கள் 6 என்று மாற்றியதும் அது திரையில் '1 நாள் 2 மணி' ஆகிவிடும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் மாதத்தின் நடுவில் யாரோ இதைச் செய்துவிட, வேலை ஏன் திடீரென்று கூடிப்போனது என்று ஒன்றரை மணி நேரம் கூட்டம் போட்டோம். அந்த ஒன்றரை மணியை எதில் பதிவது என்று அப்புறம் ஒரு சண்டை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டத்தில் 'நாள்' என்ற சொல்லையே தடை செய்யுங்கள். மணி மட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் இதில் வாங்கிக் கட்டிக்கொண்டவள். 1990களின் கடைசியில் துவாஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் திட்டமிடும் பிரிவில் சேர்ந்தேன். படிப்பு புதுசு, பாதுகாப்புக் காலணியும் புதுசு, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. எங்கள் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், தஞ்சாவூர்ப் பக்கம். இயந்திர அறையில் ஒரு வால்வைக் கழற்றி மாற்றவேண்டும். அட்டையையும் பென்சிலையும் நீட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"அண்ணே, இதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"வேலையைக் கேக்கிறியா, முடியிறதைக் கேக்கிறியா?"

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. கையுறை போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "வேலை நாலு மணி நேரம். முடியிறதுக்கு மூணு நாள். சாரம் கட்டுறவன் நாளைக்குத்தான் வர்றான். வெல்டிங் இருக்கு, உள்ள வாயு இல்லைன்னு சோதிச்சு அனுமதிச் சீட்டுல கையெழுத்தாகணும். கிரேன் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டிருக்கு. இதுல உன் பென்சிலுக்கு எது வேணும்?"

என் பென்சில் '3 நாள்' என்று எழுதியது. கணினியில் அதை ஒரே கட்டத்தில் ஏற்றினேன். மூன்று எட்டு இருபத்து நாலு, ஒரு வால்வுக்கு 24 மணி நேரக் கூலி என்று கணக்கு போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் காலை என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. மண்டோர் சொன்ன இரண்டு எண்ணும் சரி. நான் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தேன்.

உங்கள் குழுவில் நடப்பதும் அதுவேதான். எஸ்டிமேட் கட்டம் கைவேலைக்கான மணி நேரத்துக்கு. எப்போது கைக்கு வரும் என்பதற்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி என்று வேறு கட்டங்கள் இருக்கின்றன. சென்னைக்காரர் பதில் சொல்லக் காத்திருக்கும் நேரம் தேதியில் வரவேண்டும், மணியில் அல்ல. இங்கே காலை 9 மணிக்கு நீங்கள் ஒரு சந்தேகம் கேட்டால் அங்கே ஆறரை. அவர் ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இங்கே மணி பன்னிரண்டு, நீங்கள் சாப்பிடக் கிளம்பியிருப்பீர்கள். ஒரு சின்னக் கேள்வியில் பாதி நாள் போய்விட்டது, யார் கையும் அசையவில்லை.

விடுமுறையும் அப்படியே. நமக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறை, அதில் சீனப் புத்தாண்டு இரண்டு நாள். அவர்களுக்குப் பொங்கல் வந்தால் ஜனவரி நடுவில் சில நாள் ஆளே கிடைக்காது. தைப்பூசம்தான் வேடிக்கை. தமிழ்நாட்டில் 2021 முதல் அது அரசு விடுமுறை. இங்கே 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்தது எடுத்ததுதான், சிராங்கூன் ரோட்டிலிருந்து தேங்க் ரோட்டுக்குக் காவடி எடுக்கிறவர் லீவு போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். இரண்டு ஊர் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி போடுங்கள்.

அடுத்தது, மீதி. ஜிராவில் மூன்று எண்கள் உண்டு: முதலில் மதிப்பிட்டது, செலவானது, மீதி. முதல் எண்ணைப் போட்டதும் மீதியும் அதுவாகவே வரும். நேரம் பதியப் பதிய மீதி தானாகக் குறையும். இந்தத் 'தானாக'த்தான் ஏமாற்றும். கட்டணத் திரையில் பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி) கியூஆர் சேர்க்க 8 மணி என்று உங்கள் குழுத் தம்பி ஒருவர் போட்டார் என்று வையுங்கள். 6 மணி உழைத்துப் பதிந்தார். ஜிரா இன்னும் 2 மணிதான் என்கிறது. தம்பிக்குத் தெரியும், இன்னும் 5 மணி வேலை கிடக்கிறது. அவர் நேரம் பதியும்போதே மீதியை 5 என்று திருத்தவேண்டும். முதலில் போட்ட 8-ஐ யாரும் தொடக்கூடாது, மேலாளர் உட்பட. கடைசியில் 8 என்று நினைத்தோம், 11 ஆனது என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே, நீங்கள் இவ்வளவு பாடுபடுவது அந்த ஜோடிக்காகத்தான். பலர் பின்னால் போய் 8-ஐ 11 என்று மாற்றிவிட்டுக் கணக்கு அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகுதான், அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

எல்லாரும் 'ஒரு நாள்' போடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. வேலையைத் துண்டு போடாமல் கொடுத்தால் அப்படித்தான் வரும். இரண்டு மணி வேலைக்கு ஒரு நாள் கொடுத்தால் அது ஒரு நாளையும் தின்றுவிடும், அது வேறு கதை. கொடுத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்ற பார்க்கின்சன் விதி தெரிந்திருக்கும். அதை 1955-இல் எழுதியபோது பார்க்கின்சன் எங்கே இருந்தார் தெரியுமா? இங்கேதான், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக. நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்துத்தான் தோன்றியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதற்காக இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். படுமோசமாக யோசித்துச் சொன்னதுகூடப் போதவில்லை.

ஆகவே ஒரே எண் கேட்காதீர்கள். வேலையைச் செய்யப்போகிறவரிடமே மூன்று கேளுங்கள்: நல்லபடி போனால், வழக்கமாக, சொதப்பினால். நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 3, 6, 15 என்றால் 7 வரும். அமெரிக்கக் கடற்படை 1950களின் கடைசியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில் வருகிற கணக்கு இது. சூத்திரத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் 15 என்று ஒருவர் சொன்னதும் "ஏன் 15?" என்று கேட்பீர்கள் பாருங்கள், அப்போதுதான் "அந்த வங்கிக்காரங்க சோதனைச் சர்வர் பாதி நாள் வேலை செய்யாதுக்கா" என்பது வெளியே வரும்.

கேள்வி: மேடம், நான் வீடு புதுப்பிக்கும் வேலை எடுக்கும் ஒரு காண்டிராக்டரிடம் ஒருங்கிணைப்பாளர். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் அட்டவணை போடுகிறேன். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, இரண்டு கழிவறை. டைல்ஸ் உடைக்க 2 நாள் என்று போட்டால் மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு முடிகிறது. 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை நாலாவது நாள் வரை இழுக்கிறது. இன்னொரு ஆளைச் சேர்த்தால் அதே சோதனை பாதியாகிறது! சில வேலைகளில் நாளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வேறு. மென்பொருள் கெட்டுவிட்டதா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், மன்னிக்கணும். ஆள் கூடினால் தண்ணீர் சீக்கிரம் கசியுமா? மென்பொருள் கெடவில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறது.

டைல்ஸ் உடைப்பது சத்தமான வேலை. வீவக வீடுகளில் அதற்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. அதற்கென்று தனி நாள்காட்டி செய்திருப்பீர்கள், நல்ல காரியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டிருப்பீர்கள். மீதி 7 மணி. ஆனால் நீங்கள் '2 நாள்' என்று அடிக்கும்போது புராஜெக்ட் உங்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. அமைப்புப் பக்கத்தில் 'ஒரு நாளைக்கு 8 மணி' என்று இருப்பதைப் பார்த்து 16 மணி என்று எழுதிக்கொள்கிறது. பிறகு அந்த 16-ஐ உங்கள் நாள்காட்டியில் பரப்புகிறது. முதல் நாள் 7, இரண்டாம் நாள் 7, மீதி 2. ஒன்பதும் இரண்டும் பதினொன்று. வெள்ளிக்கிழமை ஆரம்பித்துப் பாருங்கள், செவ்வாய் காலை 11 என்று வரும். சனி, ஞாயிறு உடைக்க முடியாதே. 2 நாள் என்று போடாமல் 14 மணி என்று போடுங்கள், சரியாகிவிடும். பொங்கோல் தங்கச்சிக்குச் சொன்ன அதே தடை உங்களுக்கும்.

தண்ணீர்ச் சோதனை இதற்கு நேர் எதிர். தண்ணீருக்கு அலுவலக நேரம் கிடையாது. சாயங்காலம் தேக்கி வைத்தால் ராத்திரியும் நிற்கும், ஞாயிறும் நிற்கும். வெறும் 24 மணி என்று போட்டால் புராஜெக்ட் அதை வேலை நேரத்தில் 7, 7, 7, 3 என்று வெட்டி நாலு நாளில் போடுகிறது. மணிக்கான 'எச்', நாளுக்கான 'டி' எழுத்துக்கு முன்னால் 'இ' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து '24 இஎச்' (24eh) அல்லது '1 இடி' (1ed) என்று அடியுங்கள். நாள்காட்டியைப் பார்க்காமல் கடிகாரத்தோடு ஓடு என்று அர்த்தம். சிமெண்ட் காய்வது, பூச்சு உலர்வது எல்லாவற்றுக்கும் இதுதான்.

ஆளைச் சேர்த்ததும் பாதியானதற்குக் காரணம், அந்த வேலையில் 'எஃபர்ட் டிரிவன்' என்ற குறி போடப்பட்டிருக்கிறது. மொத்த உழைப்பு மாறாது, ஆள் கூடினால் நாள் குறையும் என்பது அதன் பொருள். மண் அள்ளுவதற்குப் பொருந்தும். தண்ணீர்ச் சோதனைக்கு ஆளே போடாதீர்கள், வாளியைக் கவிழ்த்த பிறகு அங்கே யாருக்கு என்ன வேலை? டைல்ஸ் உடைப்பதிலும் யோசித்துச் செய்யுங்கள். கழிவறைக்கு ஓர் ஆள் என்று பிரித்தால் சரி. ஒரே கழிவறைக்குள் இரண்டு பேர் உளி பிடித்தால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்.

கேள்விக்குறி ஒன்றுமில்லை. நீங்கள் கால அளவு எதுவும் கொடுக்காத வேலைக்குப் புராஜெக்ட் தானாக '1 நாள்?' என்று போட்டுவைக்கும். உங்கள் கையால் அடித்ததும் போய்விடும். அணைத்துவைக்க வழி இருக்கிறது, அணைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் அட்டவணையைக் காட்டுவதற்கு முன் கேள்விக்குறி இருக்கிற இடமெல்லாம் உங்கள் மேஸ்திரியிடம் போய்க் கேட்கவேண்டிய இடம்.

கேள்வி: 3 மணி என்று மதிப்பிட்ட வேலை 5 மணி ஆனது. மேலாளர் முகம் சுளிப்பார் என்று 3 என்றே பதிந்துவிட்டு, மீதி 2 மணியைக் 'கூட்டம்' என்ற தலைப்பில் போடுகிறேன். தப்பா அக்கா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தப்புதான். ஏன் செய்கிறாய் என்பதும் புரிகிறது, மதிப்பீட்டை வாக்குறுதி மாதிரி பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும் மேலாளரிடம் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் உன் மாதிரி நாலு பேர் செய்தால் உங்கள் நிறுவனத்தில் கூட்டம் அதிகம் என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள். கூட்டத்தைக் குறைக்க ஒரு கூட்டம் வைப்பார்கள், நீ அதில் உட்கார்ந்திருப்பாய். உனக்குத் தரும் அடுத்த வேலைக்கும் 3 மணிதான் தருவார்கள், அதற்கு ஆதாரம் உன் கையெழுத்து.

5 என்றே பதி. நேரம் பதியும் இடத்தில் ஒரு வரி எழுத இடமிருக்கும், காலியாக விடாதே. 'பழைய அறிக்கையில் தேதி வேறு வடிவத்தில் இருந்தது, 2 மணி திருத்தம்' என்கிற மாதிரி, ஒரே ஒரு வரி. மூன்றாவது மணி முடியும்போதே மேலாளரிடம் இன்னும் இரண்டாகும் என்று வாயால் சொல்லிவிடு, ஐந்தாவது மணியில் சொன்னால் அது சாக்கு மாதிரி கேட்கும். அடுத்த மாதம் அதே அறிக்கை வரும்போது 5 என்று போடு. ஏன் 5 என்று கேட்டால் அந்த வரியைத் திறந்து காட்டு.